எட்டு மணிக்கு நாற்பது

பைமேல் முழங்கை படாமல் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், தம்பி. தப்பாக நினைக்க வேண்டாம். உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அழுத்தினால் முடிச்சு இளகிவிடும். மீன்தான். உயிர் மீன். நாற்பத்திரண்டு. நாற்பதுக்குத்தான் சொல்லி வைத்தது. பண்ணைக்காரர் எப்போதும் இரண்டு கொசுறு போடுவார். அங்கேயே இரண்டு தரம் எண்ணிவிட்டுத்தான் ஏறினேன்.

குழம்புக்கா என்று கேட்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். விரல் நீளக் குஞ்சைக் குழம்பு வைத்தால் என்ன தேறும்? கண்டக்டர் சிரித்துக்கொண்டு போனாரே, அவருக்குத் தெரியும். திங்கள், வியாழன் இரண்டு நாளும் இதே வண்டி, இதே சீட்டு. "பெரியவரே, இன்னிக்கு எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்பார். நாற்பத்திரண்டு என்பேன். "அத்தனை பேருக்கும் டிக்கெட் கிழிச்சா, நான் இப்பவே வீட்டுக்குப் போயிரலாமுங்க" என்பார். ஏழு வருடமாக அதே பேச்சு. நான் சிரிப்பதில்லை. எனக்குப் பேச்சு வராது. எண்ணிக்கைதான் வரும்.

இன்றைக்கு ஏன் பேசுகிறேன் என்றால், நீங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டினீர்கள். வேண்டாம் என்றேன். உங்கள் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா உட்கார முடியவில்லை. நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஒரு மனுஷன் தாகமில்லை என்று சொன்னால் அது குற்றமா? என் கூடப்பிறந்தவள், எனக்கிருக்கிற ஒரே தங்கச்சி, அந்த ஒரு வார்த்தைக்காக என்னோடு பேசுவதில்லை. நாலு வருடம், இரண்டு மாதம், ஒன்பது நாள்.

என் பெயர் சென்னியப்பன். ஐந்தாவது வரைதான் படிப்பு. சாயப்பட்டறையில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். முதலில் துணி உருளை எண்ணுகிற வேலை. காலையில் வெள்ளையாக எத்தனை உள்ளே போகிறது, சாயங்காலம் நிறத்தோடு எத்தனை வெளியே வருகிறது என்று எண்ண வேண்டும். ஒரு நாளும் பிசகியதில்லை. கண்ணில் பூ விழுந்த பிறகு அந்த வேலைக்கு வேறு ஆளைப் போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். முதலாளி அனுப்பவில்லை. என்னைத் தொட்டிக்கு மாற்றினார்.

தொட்டி என்றால் கண்ணாடித் தொட்டி. சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளாண்ட் இருக்கிறது அல்லவா, அதன் கடைசியில் வைத்திருக்கிறது. சுத்தமான தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும். அதில் மீன் நீந்துகிறது என்றால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அர்த்தம். துணி வாங்குகிற வெள்ளைக்காரர்கள் வருவார்கள். பேப்பரில் இருக்கிற எழுத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள்? மீனைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும். போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

முதல் நாள் நாற்பது விட்டோம். மறுநாள் காலையில் இருபத்தெட்டுதான் நீந்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மல்லாந்து கிடந்தது. இந்த வேலையும் போயிற்று என்று நினைத்தேன். செத்ததை வாளியில் போட்டுக்கொண்டு நின்றேன். முதலாளி வந்தார். திருமூர்த்தி என்று பெயர். பெயர் சொல்லக்கூடாது, இருந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டுமே. அவர் யாரையும் வா, போ என்று பேசியதில்லை. கக்கூஸ் கழுவுகிறவரைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்வார். வாளியைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"அய்யா, நாப்பது இருந்தா பார்க்க நெறைவா இருக்குமுங்க" என்றார்.

அவ்வளவுதான். போய்விட்டார். செத்ததை எடு என்று சொல்லவில்லை. புதுசு வாங்கி விடு என்றும் சொல்லவில்லை. நான் அன்றைக்கே பண்ணைக்கு வழி விசாரித்தேன். இதைச் செய், அதைச் செய் என்று சொல்கிற முதலாளியிடம் யாரும் வேலை பார்க்கலாம். சொல்லாமல் இருக்கிறவரிடம் வேலை பார்க்க ஒரு தகுதி வேண்டும்.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு எப்போது வந்து பார்த்தாலும் தொட்டியில் நாற்பது இருக்கும். மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு நீல டிரம் வைத்திருக்கிறேன். அதில் குடிதண்ணீர். பண்ணையிலிருந்து வருகிற மீன் அதில் இருக்கும். அதில் நன்றாக வளரும், ஒன்றுகூடச் சாகாது. அங்கிருந்து எத்தனை தேவையோ அத்தனை எடுத்துத் தொட்டியில் விடுவேன். ஒரு நாளைக்குச் சராசரி பதினொன்று போகும். நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நேற்று வரை இருபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு. யாரும் எழுதச் சொல்லவில்லை. எனக்கு எழுதாமல் இருக்க முடியாது.

என் பராமரிப்பில் ஏதாவது குறை இருக்குமோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தீனியை மாற்றிப் பார்த்தேன். வெயில் படாமல் மேலே ஓலை போட்டுப் பார்த்தேன். பதினொன்று பதினொன்றுதான்.

முதலாளியைப் பார்த்து எல்லாரும் பழகிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தடவை அவர் கரண்டு மீட்டரைப் பார்த்துவிட்டு "அடேயப்பா" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து மேனேஜர் ரங்கராஜ் சுத்தம் செய்கிற மிஷினை வெளியாள் பார்க்க வருகிற நாளில் மட்டும் ஓட்டினார். வருடத்தில் பத்தொன்பது நாள் ஓடும். மற்ற நாளில் ஓய்வு. மிஷினும் தேயாது. மிஷின் ஓடாத நாளில் சாயத்தண்ணீர் பின்னால் ஓடைப் பள்ளத்துக்குப் போகிற பைப்பில் போய்விடும். தொட்டிக்கு மட்டும் கொஞ்சம் நல்ல தண்ணீர் கலந்து விடுவேன், பார்க்கத் தெளிவாக இருக்கும்.

கையுறையும் அப்படித்தான். சாயம் கலக்குகிற பெண்களுக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். வெள்ளைக்காரி ஒருத்தி அதைப் பார்த்துக் கேட்டாள். முதலாளி வருத்தப்பட்டார். உடனே எழுபத்திரண்டு ஜோடி ரப்பர் கையுறை வந்தது. ஆள் வருகிற நாளில் கொடுப்போம், சாயங்காலம் நான்தான் எண்ணி வாங்கி அலமாரியில் வைப்பேன். ஏழு வருடமாகிறது. எழுபத்திரண்டு ஜோடியும் இன்றும் புதுசு மாதிரி இருக்கிறது. ஒரு ஜோடி தொலையவில்லை. வேறு எந்தப் பட்டறையில் இப்படி வைத்திருப்பார்கள், சொல்லுங்கள்.

சரி, தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் பெயர் பாவாத்தாள். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன மூன்று இடத்திலும் நான் தலை நிமிரவில்லை, அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் தங்கச்சி வீட்டுச் சோறுதான். நான் பட்டறையிலேயே ஒரு ரூமில் படுத்துக்கொள்வேன். அவள் காடு பட்டறைக்குப் பின்பக்கம், பள்ளத்தை ஒட்டி. இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி வீடு. புருஷன் தவறிவிட்டார். ஒரே மகள், செண்பகம். நான்தான் தாய்மாமன். தினமும் மதியம் ஒரு மணிக்குத் தூக்குப்போசியில் சோறு வரும். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் தொட்டியை எட்டிப் பார்த்து, "உன்ற பிள்ளைங்க சௌக்கியமாண்ணா?" என்று கேட்பாள். கேலிதான். எனக்கு அது பிடிக்கும்.

கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் வாசம். பிறகு சோறு வடித்தால் மஞ்சளாக இருந்தது. இரண்டு எருமை கன்று போட்டுச் செத்தது. அதற்கெல்லாம் அவள் சண்டைக்குப் போகவில்லை. என்னிடம் கேட்டாள், ஏண்ணா இப்படி என்று. மழை இல்லை, அதனால் இருக்கும் என்றேன். மழை இல்லைதான். அந்த வருடம் பதினாறு நாள்தான் பெய்தது.

பிறகு செண்பகத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். ஏழு பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரம்பரை, அதாவது உறவுக்காரர்கள், வீட்டு வாசலில் கால் வைத்ததும் சொம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும். வந்தவர்கள் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். குடிக்காமல் கீழே வைத்தால் உங்கள் உறவு வேண்டாம் என்று அர்த்தம். செண்பகம்தான் சொம்பைக் கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் அப்பா வாய்வரை கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். ஏழு கை மாறியது. ஏழாவது ஆள் சொம்பைக் கீழே வைத்தார். ஒரு சொட்டுக் குறையவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. அடுத்த மாதம் இன்னொரு இடம். அங்கேயும் அதே கதை.

அதற்குப் பிறகுதான் பாவாத்தாள் மனு எழுத வைத்தாள். பட்டறையை அடைக்கச் சொல்லவில்லை. சுத்தம் செய்கிற மிஷினைத் தினமும் ஓட்ட வேண்டும், அதுவரை தண்ணீர் விடக்கூடாது. அவ்வளவுதான் மனுவில். இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடமும் வந்தாள். நான் சோறு போடுகிற இடத்துக்கு எதிராக எழுத மாட்டேன் என்றேன். சோறு அவள்தான் போட்டாள், அது வேறு. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ எழுத வேண்டாமுண்ணா. கேட்டா உள்ளதைச் சொல்லு, போதும்" என்றாள். நான் பொய் சொன்னதே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மேலிடத்திலிருந்து அதிகாரி வந்தார். முந்தின நாளே பட்டறைக்குத் தகவல் வந்துவிட்டது. மிஷின் ஓடியது. கையுறை கொடுத்தோம். எட்டு மணிக்கு நாற்பது இருந்தது. பதினொரு மணிக்கு அதிகாரி தொட்டியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஊர்க்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். பாவாத்தாள் மட்டும் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். இடுப்பில் குடம். அவள் கிணற்றுத் தண்ணீர்.

"அய்யா, அந்த நாப்பதுல ஒண்ணை எடுத்து இதுல விடுங்க" என்றாள்.

மேனேஜர் அவளை வெளியே போகச் சொன்னார். முதலாளி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "அம்மா கேக்கறது நியாயந்தானுங்களே. விடுங்க" என்றார். எப்பேர்ப்பட்ட மனசு, பாருங்கள். என்னைப் பார்த்தார்.

எந்த மீனை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் வலையை விட்டு நல்லதாகப் பார்த்து எடுத்தேன். அன்றைக்குக் காலையில் டிரம்மிலிருந்து மாற்றினது. வாலை நன்றாக அடித்தது. குடத்தில் விட்டேன்.

அதிகாரிக்கு நாற்காலி போட்டார்கள். டீயும் முறுக்கும் வந்தது. இருபது நிமிடம் பார்த்தார். மீன் சுற்றிச் சுற்றி வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றவர்களில் ஒருத்தன், "ஏனுங்க பாவாத்தாக்கா, உங்க தண்ணியில மீனு நல்லா நீச்சல் பழகுது" என்றான். மனுவில் கையெழுத்துப் போட்டவன்தான். எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் கொஞ்சம் சிரித்தார்.

அப்போதுதான் பாவாத்தாள் என்னைக் காட்டினாள். "எங்கண்ணன் எண்ணி வச்சதுல ஒண்ணு கூடுனதும் இல்ல, கொறைஞ்சதும் இல்லீங்க. அவரைக் கேளுங்க" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்படிப் பார்த்தால் ஆகாது. காது அடைத்துக்கொள்ளும். அதிகாரி தொட்டியில் எத்தனை மீன் இருக்கும் என்று கேட்டார். இப்போது முப்பத்தொன்பது, குடத்தில் ஒன்று, ஆகமொத்தம் நாற்பது என்றேன். எப்போதுமே நாற்பதுதானா என்று கேட்டார். "காலைல எட்டு மணிக்கு எப்ப வந்து பார்த்தாலும் நாப்பது இருக்குமுங்க" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

அவர் பேனாவை எடுத்துவிட்டார். பாவாத்தாள் என் பக்கத்தில் வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். "அண்ணா, இது எத்தனை மணி வரைக்கும் தாங்கும்னு சொல்லு. நீ சொன்னா, அய்யா அது வரைக்கும் இருப்பாரு."

எனக்குத் தெரியும். அதற்குள் மூன்று வருட நோட்டு ஆகியிருந்ததே. இரண்டு மணி வரை துள்ளும். இரண்டரைக்கு ஒதுங்கும். மூன்றரைக்கு வாயை மேலே தூக்கி மூச்சு வாங்கும். நாலு மணியிலிருந்து மல்லாக்க. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப உசுரோடதான் இருக்குதுங்க" என்றேன்.

அப்போது உயிரோடுதான் இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். பன்னிரண்டு பத்துக்கு ஜீப் கிளம்பிவிட்டது.

பாவாத்தாள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மீனோடு. அதுதான் பிசகு. குடம் அவளுடையது, மீன் பட்டறையுடையது. அன்றைக்குப் புதன்கிழமை. டிரம்மில் கணக்காகத்தான் இருந்தது, அந்த வியாழன் பண்ணை லீவு, புது மீன் வராது. மறுநாள் காலையில் வெள்ளைக்காரர்கள் வருவதாக இருந்தது. முப்பத்தொன்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இன்னொருத்தராக இருந்தால் ஒன்றுதானே என்று விட்டுவிடுவார்கள். எனக்கு முடியவில்லை. ஐந்தே காலுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். இன்னும் உயிர் இருக்கலாம் என்று ஒரு எண்ணம்.

அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் குடம். செண்பகம் உள்ளே இருந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். குடத்துக்குள் பார்த்தேன். மல்லாந்துவிட்டது. எப்போது என்று கேட்டேன். கணக்குக்காகக் கேட்டேன். "நாலு இருவதுக்கு" என்றாள் பாவாத்தாள். சரியாகத்தான் இருந்தது.

அவள் எழுந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். "வாங்கண்ணா" என்றாள். அதுவரை என்னை வாங்க என்று அவள் சொன்னதே இல்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒரம்பரைக்கு நீட்டுகிற மாதிரி, இரண்டு கையாலும்.

கிணற்றுத் தண்ணீர்தான். வாசம் வந்தது.

"தாகமில்ல, அம்மிணி" என்றேன்.

அவள் கையை இறக்கவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். அறுபதுவரை எண்ணினேன். அப்படியே நின்றாள்.

பிறகு, "இந்த வார்த்தையை அங்க சொல்லியிருக்கலாமேண்ணா" என்றாள்.

அங்கே யாரும் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லையே, தம்பி. எப்படிச் சொல்வேன்? அதைத்தான் நானும் அவளிடம் சொன்னேன். சொம்பைத் தூக்கி என் முன்னாலேயே அவள் குடித்தாள். நடுவில் மூச்சு விடவில்லை. ஒன்பது மடக்கு. காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். நான் மீனை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். அன்றைய கணக்கில் பன்னிரண்டு என்று எழுதினேன்.

அதோடு தூக்குப்போசி நின்றது. பேச்சும் நின்றது. ஒரு சொம்புத் தண்ணீருக்காக.

முதலாளி மறுநாள் என் தோளில் கை வைத்தார். "அய்யா, நீங்க அதிகமாப் பேசறதில்ல. அதுதான் உங்க அழகு" என்றார். முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு தடவை. இந்தத் தோள். அந்த வருடம் பொறுப்பான கம்பெனி என்று அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். ஆபீஸில் பெரிசாக மாட்டியிருக்கிறது. ஓரத்தில் வலை பிடித்திருக்கிற கை என்னுடையது. முழங்கை வரை தெரியும்.

ஊருக்கும் அவர் செய்யாமல் விடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு கார்டு, நாளைக்கு ஒரு கேன். கார்டில் ஓட்டை போடுகிற வேலையும் எனக்குத்தான். மனுவில் கையெழுத்துப் போட்ட இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் முதல் வாரமே கார்டு வாங்கிவிட்டார்கள். நீச்சல் பழகுது என்றானே, அவன்தான் முதல் ஆள். பாவாத்தாள் வரவில்லை. அவள் கார்டு என்னிடமே இருக்கிறது. ஓட்டை விழாமல் புதுசாக இருக்கிறது. நல்ல தண்ணீர், எதிரில் ஓடுகிறது, வந்து பிடித்துக்கொண்டால் என்ன? பிடிவாதம். கிணற்றில் கயிறு போட்டு இறைத்து அதையேதான் குடித்தாள்.

செண்பகத்துக்கு அவள் எப்படியோ வெளியூரில் மாப்பிள்ளை பார்த்து, வெளியூரிலேயே மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்தாள். பத்திரிகையில் தாய்மாமன் இருக்கிற இடத்தில் பங்காளி ஒருத்தன் பெயர். நான் போனேன். மண்டபத்துக்கு எதிரில் டீக்கடையில் நின்றேன். உள்ளே போனவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பாவாத்தாள் ஒரு தடவை வெளியே வந்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள்.

அவள் பேசாவிட்டால் என்ன, நான் அவளை விட்டுவிடவில்லை. என் தொட்டியிலிருந்து பார்த்தால் அவள் கிணறு தெரியும். நூற்றுப் பத்து அடி. கண்ணில் பூ இருந்தாலும் ஆள் அசைவது தெரியும், கப்பி சத்தம் கேட்கும். அவள் இறைக்கிற குடத்தை எண்ணுவேன். மீன் நோட்டிலேயே பின்பக்கத்தில் எழுதுவேன். முதல் வருடம் நாளைக்குப் பன்னிரண்டு குடம். அடுத்த வருடம் ஒன்பது. போன தீபாவளிக்கு ஏழு. பிறகு ஒவ்வொரு குடம் இறைத்ததும் மேட்டில் உட்கார ஆரம்பித்தாள். கால் வீங்கியிருக்கிறது, முகமும் ஊதியிருக்கிறது என்று கார்டுக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். மகள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாளாம், போகவில்லையாம். ஐம்பத்தெட்டு வயது ஆகிறது. வயதானால் உடம்பு தளரத்தான் செய்யும். நான் அறுபத்தேழு, எனக்கு ஒன்றும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை மூன்று குடம்.

அன்றைக்கு முதலாளி தொட்டிப் பக்கம் வந்தார். எனக்கு என்னவோ தோன்றியது, வாயைத் திறந்துவிட்டேன். தங்கச்சிக்கு உடம்பு முடியலீங்க என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் கிணற்று மேட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். "அடடா. அந்தப் பக்கம் பார்த்தாலே மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க, அய்யா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் ஆளை விட்டு, அந்தப் பக்கம் முழுக்கப் பத்தடி உயரத்துக்குப் பச்சை வலை கட்டிவிட்டார்.

இப்போது கிணறு தெரிவதில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நோட்டில் பின்பக்கம் காலியாக இருக்கிறது. கப்பி சத்தமாவது கேட்கும் என்று நேற்று முழுக்க வலைக்குப் பக்கத்தில் நின்றேன். கேட்கவில்லை. மிஷின் ஓடியிருந்தால் அந்தச் சத்தத்தில் கேட்காது எனலாம். நேற்று மிஷின் ஓடவில்லை.

தம்பி, நீங்கள் ஜன்னல் பக்கம் இருக்கிறீர்கள். எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். பையை வைத்துக்கொண்டு என்னால் எழ முடியாது. இந்த வளைவு தாண்டியதும் இடது கைப்பக்கம் ஒரு வேப்பமரம் வரும். மரத்துக்குப் பின்னால் கிணறு. மேட்டில் யாராவது நிற்கிறார்களா பாருங்கள். உட்கார்ந்திருந்தாலும் சரி.

இல்லையா. நன்றாகப் பார்த்தீர்களா? குடம் இருக்கிறதா? கவிழ்த்து வைத்திருக்கிறதா. சரி.

வீட்டு வாசலில்?

ஆம்பளைகள் நிற்கிறார்களா. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டா. நாற்காலி போட்டிருக்கிறார்களா. எத்தனை? எண்ணவில்லையா நீங்கள்? பரவாயில்லை, வண்டி வேகமாகப் போகிறது. சங்கு ஊதுகிற மாதிரி எனக்கும் கேட்டது, ஹாரன் என்று நினைத்தேன்.

கையை விடுங்கள், தம்பி. இங்கே எதற்கு வண்டியை நிறுத்தச் சொல்கிறீர்கள்? என் ஸ்டாப் அடுத்தது. மணி என்ன ஆகிறது? ஏழு நாற்பத்தொன்று. நேரமாகிவிட்டது. இந்தப் பையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒன்று ஒதுங்குகிற மாதிரி தெரிகிறது. அது போனாலும் நாற்பத்தொன்று இருக்கிறது, போதும். எட்டு மணிக்கு நாற்பது விட்டுவிட்டு, தங்கச்சி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னால், ஒன்பது மணிக்கு மேல் விடுவார். பிறந்த வீட்டுக் கோடித்துணி நான்தான் போட வேண்டும், வேறு ஆள் இல்லை.

துக்க வீட்டில் வாங்க என்று சொல்ல மாட்டார்கள். சொம்பும் நீட்ட மாட்டார்கள். போகலாம்.